பண்டிகைச் செடி வாடுகிறதா? முதலில் தொட்டியின் அடியைப் பாருங்கள்

டிசம்பர் பிறந்தால் வடசென்னையில் தண்டையார்பேட்டை, ராயபுரம், பெரம்பூர்ப் பக்கமெல்லாம் செடி வண்டி வர ஆரம்பித்துவிடும். குட்டியானை வண்டியில் மூன்று தட்டாக அடுக்கிய தொட்டிகள்: சிவப்பு இலையோடு பாயின்செட்டியா, மஞ்சளும் வெள்ளையுமாகச் சாமந்தி, இரண்டு முழ உயரத்தில் கிறிஸ்துமஸ் மரம், பொடிப்பொடிப் பூவாகக் கலாஞ்சோ. பொங்கல் நெருங்கினால் அதே வண்டியில் மஞ்சள் செடியும் ஏறிவிடும். ஜி.என்.டி. சாலையில் மாதவரம் தாண்டிச் செங்குன்றம் போகிற வழியில் இருக்கும் நர்சரிகளிலும் இந்தச் சீசனில் ஏறக்குறைய இதே சரக்குதான்.

பத்துப் பன்னிரண்டு வருடமாக வாங்குகிறேன். பாதிக்கு மேல் சாகடித்திருக்கிறேன். எங்கே தப்பு என்று உட்கார்ந்து யோசித்ததில் ஒன்று புரிந்தது. வீட்டுக்கு வந்து பத்து நாளுக்குள் போன செடிகளில் முக்கால்வாசி, வண்டியில் இருக்கும்போதே பாதி போனவை. பூ அதை வெளியே காட்டாது. வெட்டிய பூவே ஜாடித் தண்ணீரில் ஒரு வாரம் தாங்குகிறது. வேர் அழுகிய செடியில் பூ ஒரு வாரம் நிற்பதில் என்ன அதிசயம்?

அதனால் இப்போது கடைக்குப் போனால் தொட்டியைத் தூக்கி முதலில் அடியைத்தான் பார்க்கிறேன். "இன்னாக்கா, பூவை வுட்டுட்டு அடியப் பாத்துகினு இருக்க?" என்று வண்டிக்காரர் சிரிப்பார். சிரிக்கட்டும்.

கீழே செடி காட்டுகிற அறிகுறிகளையே தலைப்பாக வைத்திருக்கிறேன். உங்கள் செடிக்குப் பொருந்துகிற தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். ஆனால் எதுவாக இருந்தாலும், படிப்பதற்கு முன் ஒரு வேலை: கையில் இருக்கும் தண்ணீர்ச் சொம்பைக் கீழே வையுங்கள். செடி வாடினால் தண்ணீர் ஊற்றுவது நம் கையின் பழக்கம். இந்தச் செடிகளில் பாதி அந்தப் பழக்கத்தால்தான் சாகின்றன.

வாங்கி வந்த அன்றே இலைகள் தொங்கிவிட்டன

பாயின்செட்டியாவில்தான் இதை அதிகம் பார்ப்பீர்கள். இலையைத் தொட்டுப் பாருங்கள். துவண்டு, ஈரத் துணி மாதிரி இருந்தால் அது தாகம். விறைப்பாகவே இருந்துகொண்டு, காம்பு மட்டும் கீழே வளைந்து தொங்கினால் அது வேறு. செடியைச் சுற்றிக் கட்டியிருந்த பிளாஸ்டிக் உறையின் வேலை அது. உறைக்குள் அடைபட்ட செடி எத்திலீன் என்ற வாயுவைத் தானே வெளியிட்டு, தானே அதில் மாட்டிக்கொள்கிறது. வாழைக்காயைப் பழுக்க வைக்கிற அதே வாயுதான். உறையை உடனே பிரித்து, வெளிச்சமும் காற்றும் உள்ள இடத்தில் வைத்தால் ஓரிரு நாளில் காம்பு நிமிரும். தண்ணீர் ஊற்றி நிமிர்த்த முடியாது.

கிறிஸ்துமஸ் வரைக்கும் உறை அழகாக இருக்கட்டும் என்று அப்படியே வைப்பவர்கள் உண்டு. அப்படி வைத்தால் கீழ் இலைகள் ஒவ்வொன்றாக உதிரும். இன்னொன்று: பழக்கூடைக்கும் தொங்கவிட்ட வாழைத்தாருக்கும் பக்கத்தில் இந்தச் செடியை வைக்காதீர்கள்.

இலை உண்மையிலேயே துவண்டிருந்தால், எப்படி எடுத்து வந்தீர்கள் என்று யோசியுங்கள். செங்குன்றத்திலிருந்து பைக்கின் பின்னால் உட்கார்ந்து, மடியில் தொட்டியை வைத்துக்கொண்டு வந்தால் அரை மணி நேரக் காற்று இலையின் ஈரத்தை உறிஞ்சிவிடும். நிழலில் வைத்து, மண் காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர் ஊற்றி, ஒரு இரவு விடுங்கள். பயணத்துக்கு மட்டும் உறை நல்லது. வீடு சேர்ந்ததும் பிரித்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

கடையில் பார்க்க வேண்டியது: உறைக்குள் நெருக்கி அடுக்கிய வரிசையிலிருந்து எடுக்காதீர்கள். உறை பிரித்து இடைவெளி விட்டு வைத்திருக்கும் செடியைக் கேளுங்கள்.

மண் ஈரமாக இருக்கிறது, ஆனாலும் செடி வாடுகிறது

இதுதான் பெரிய வியாதி. வேர் அழுகல். மண்ணில் தண்ணீர் நிற்கிறது, அதை உறிஞ்ச வேர் இல்லை, இலை தாகத்தில் வாடுகிறது. பார்ப்பவர் மேலும் ஊற்றுகிறார்.

உறுதி செய்ய வழி எளிது. மண் மேல் இடது கையை விரித்து வைத்து, தண்டை இரண்டு விரலுக்கு நடுவில் விட்டு, தொட்டியைக் கவிழ்த்து, விளிம்பைத் தரையில் மெல்லத் தட்டினால் மண் அப்படியே முழுசாக வரும். வெளியே தெரிகிற வேர்களைப் பாருங்கள். நல்ல வேர் வெள்ளையாகவோ இளம் பழுப்பாகவோ, விறைப்பாக இருக்கும், மழை பெய்த மண் வாசம் வரும். கெட்ட வேர் கறுத்திருக்கும். ஒரு வேரை இரு விரலால் பிடித்து இழுங்கள். மேல்தோல் உருவிக்கொண்டு கையோடு வந்து, உள்ளே வெள்ளை நூல் மாதிரி ஒரு நரம்பு மட்டும் நின்றால் சந்தேகமே வேண்டாம். வாசமும் சாக்கடை ஞாபகத்தைக் கொடுக்கும்.

வேரில் பாதிக்கு மேல் நன்றாக இருந்தால் காப்பாற்றலாம். கறுத்ததை வெட்டி எறியுங்கள். பழைய மண்ணைத் திரும்பப் போட வேண்டாம். செம்மண் ஒரு பங்கு, ஊறவைத்துக் கழுவிய தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, மக்கிய தொழு உரம் அரைப் பங்கு, ஆற்று மணல் அரைப் பங்கு, ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. உர மருந்துக் கடையில் டிரைக்கோடெர்மா விரிடி என்று பொடி கேட்டால் தருவார்கள். மண்ணில் வேரழுகல் பூசணத்தோடு சண்டை போடுகிற நல்ல பூசணம் அது. ஒரு தேக்கரண்டி கலந்துவிடுங்கள். பழைய தொட்டியைவிடப் பெரியதில் நடாதீர்கள். வேர் குறைந்த செடிக்குப் பெரிய தொட்டி என்றால் அதே ஈரம், அதே அழுகல். வேர் எவ்வளவு போனதோ, ஏறக்குறைய அந்த அளவு மேல்கிளையையும் வெட்ட வேண்டும். பூவோடு சேர்த்துத்தான். இங்கேதான் எல்லோருக்கும் மனசு வராது. எனக்கும் வராது.

முக்கால்வாசி வேர் போயிருந்தால் விட்டுவிடுங்கள். அந்த மண்ணை வேறு செடிக்கும் போடாதீர்கள்.

காரணங்களில் முதலாவது, பளபளக்கும் தங்கக் காகிதம். தொட்டியைச் சுற்றிக் கட்டியிருக்கும். அல்லது ஓட்டையில்லாத பீங்கான் தொட்டிக்குள் பிளாஸ்டிக் தொட்டியை இறக்கியிருப்பார்கள். ஊற்றிய தண்ணீர் அதற்குள் தேங்கி, செடி நாள் முழுக்கக் காலை நனைத்துக்கொண்டு நிற்கும். காகிதத்தின் அடியைக் கத்தரித்துவிட்டு, கீழே ஒரு தட்டு வையுங்கள். தட்டில் வடிந்ததை அரை மணி நேரத்தில் கொட்டிவிட வேண்டும்.

இரண்டாவது நம் ஊருக்கே உரியது, மழை. டிசம்பர் என்பது இங்கே வடகிழக்குப் பருவமழையின் வால். 2023 டிசம்பர் 4 மிக்ஜாம் புயல் மழையை யாரும் மறந்திருக்க மாட்டோம். அதற்குப் பத்து நாள் கழித்துச் சாலையோரக் கடையொன்றில் மிக அழகான பாயின்செட்டியா ஒன்றை வாங்கினேன். விலையும் குறைவு. ஏன் குறைவு என்று கேட்கத் தோன்றவில்லை. கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியின் வெளிப்பக்கம் முக்கால் உயரத்தில் கோடு போட்ட மாதிரி காய்ந்த சேறு. அதை ஈரத் துணியால் நானே துடைத்து வரவேற்பறையில் வைத்தேன். அந்தக் கோடு வரைக்கும் தண்ணீர் நின்றிருக்கிறது, எத்தனை நாள் நின்றதோ. கிறிஸ்துமஸ் அன்று மாலை செடி தலையைத் தொங்கப் போட்டது. புது வருடம் பிறக்கும்போது வெறும் குச்சி.

கடையில் பார்க்க வேண்டியது நான்கு. தொட்டியின் வெளிப்புறம் சேற்றுக் கோடு. அடி ஓட்டையில் வேர் நுனி எட்டிப் பார்க்கிறதா, என்ன நிறம். தொட்டியைத் தூக்கினால் செடியின் அளவுக்குச் சம்பந்தமில்லாத கனமா. நான்காவது, தண்டின் அடியை இரு விரலால் பிடித்து லேசாக அசைப்பது. மண்ணோடு சேர்ந்து அசைந்தால் நல்லது. தண்டு மட்டும் தனியாக ஆடினால் வேர் அழுகியிருக்கிறது, அல்லது வேர் இன்னும் பிடிக்கவே இல்லை. சாமந்தியில் பூத்த கிளையைச் செருகி விற்றதை நான் பார்த்திருக்கிறேன். லேசாக இழுத்ததும் பிள்ளையார் கோயில் ஊதுவத்தி மாதிரி கையோடு வந்துவிட்டது.

தண்ணீர் ஊற்றிய வேகத்தில் அடியில் ஓடிவிடுகிறது, செடி வாடியே இருக்கிறது

முந்தையதற்கு நேர் எதிர். வண்டியில் வருகிற செடிகள் பல ஊர்களிலிருந்து வருகின்றன. ஆந்திராவின் கடியம் பக்கத்து நர்சரிச் செடிகள் கெட்டியான களிமண் உருண்டையோடு வரும். ஓசூர், பெங்களூரு பக்கத்துச் செடிகள் பெரும்பாலும் நார்க்கழிவில். இரண்டுமே ஒரு முறை முழுக்கக் காய்ந்துவிட்டால் தண்ணீரை உள்ளே விடாது. களிமண் இறுகித் தொட்டிச் சுவரைவிட்டு விலகும். தண்ணீர் அந்த இடுக்கு வழியாக இறங்கிவிடும். மேலே ஈரம், உள்ளே எலும்பு மாதிரி உலர்வு.

துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவி, தண்டுக்கு இரண்டு விரல் தள்ளிச் செருகிப் பாருங்கள். பாதியில் முட்டி நின்றால் காய்ந்த களிமண். உள்ளே போய், வெளியே எடுக்கும்போது சுத்தமாக வந்தால் காய்ந்த நார். ஈர மண் ஒட்டிக்கொண்டு வந்தால் இந்தத் தலைப்பு உங்களுக்கு இல்லை, முந்தைய தலைப்புக்குப் போங்கள்.

ஒரு வாளியில் தொட்டியின் பாதி உயரத்துக்குத் தண்ணீர் நிரப்பி, தொட்டியை இருபது நிமிடம் உட்கார வையுங்கள். மேல்மண் தானாக நனைந்ததும் எடுத்து வடியவிடுங்கள். களிமண் உருண்டையாக இருந்தால் ஈரமானதும் நான்கு பக்கமும் குச்சியால் ஓட்டை போட்டு வையுங்கள். பூ முடியும் வரை மண்ணை உடைத்து மாற்ற வேண்டாம். பூவோடு இருக்கும் செடி வேர்க்காயத்தைத் தாங்காது.

கீழ் இலைகள் மஞ்சளாகின்றன

எந்தச் செடி என்பதைப் பொறுத்தது.

பொங்கலுக்கு வாங்கிய மஞ்சள் செடி என்றால் கவலையே வேண்டாம். சித்திரை, வைகாசியில் நட்ட மஞ்சள் தை மாதம் முதிர்ந்து, இலையை மஞ்சளாக்கிக் காயத் தொடங்கும். கிழங்கு தயார் என்பதற்கான அடையாளமே அதுதான். பொங்கல் பானையில் கொத்தைக் கட்டியபின் மிச்சச் செடிக்குத் தண்ணீரைக் குறைத்து, இலை முழுக்கக் காய்ந்ததும் தோண்டிக் கிழங்கை எடுத்துக்கொள்ளலாம். ஒரு கணுவை மறு வருடத்துக்கு வையுங்கள். பயப்பட வேண்டியது வேறு இடத்தில். இலையைப் பிடித்து இழுத்ததும் தண்டு அடியோடு வழுக்கிக்கொண்டு வந்து, அடி கூழாகி நாறினால் அது கிழங்கு அழுகல். கடையில் இந்த இழுப்புச் சோதனையைச் செய்துவிட்டு வாங்குங்கள். இலையில் ஒன்றிரண்டு பழுப்புப் புள்ளி இருந்தால் பரவாயில்லை, கொத்துக்காகத்தானே.

பாயின்செட்டியா என்றால் மூன்று கேள்வி. வீட்டின் இருட்டான மூலையில் வைத்தீர்களா? ஏசியின் காற்று நேராகப் படுகிறதா? மண் சதசதவென்று இருக்கிறதா? முதல் இரண்டுக்கும் இடம் மாற்றினால் போதும். காலை வெயில் வரும் ஜன்னலோரம், அல்லது கிழக்குப் பார்த்த பால்கனி. நம் ஊர் டிசம்பரில் இரவு 22, பகல் 29 டிகிரி சுமார். இந்தச் செடிக்கு அது ஒன்றும் செய்யாது. ஏசி அறையில் வைத்தால்தான் வளரும் என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம்.

சாமந்தியில் கீழ் இலை மஞ்சளாகிக் கறுத்து, அது மேல் நோக்கி ஏறிக்கொண்டே போனால் இலைப்புள்ளிப் பூசணம். பாதித்த இலைகளைக் கிள்ளிப் போட்டு, இனி இலைமேல் படாமல் மண்ணுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள். கடையில் பூந்தலையை ஒதுக்கிவிட்டு உள்ளே பாருங்கள். உள்ளே முழுக்க மொட்டைத் தண்டாக இருந்தால், கீழ் இலைகளைக் கிள்ளி எடுத்துவிட்டுத்தான் விற்கிறார்கள்.

கலாஞ்சோ சதைப்பற்றுச் செடி. மஞ்சளாகி இலை கண்ணாடி மாதிரி ஊறியிருந்தால் தண்ணீர் அதிகம். அவ்வளவுதான்.

இலை ஓரமும் நுனியும் கருகுகின்றன

கடலோரத்துக்காரர்கள் இதை முதலில் படிக்கலாம். உப்பு. அது இரண்டு வழியில் வரும். காசிமேடு, திருவொற்றியூர் மாடிகளில் காற்றோடு வரும். மற்ற இடங்களில் போர்த் தண்ணீரோடு வரும்.

தொட்டியின் உள் விளிம்பைத் தடவுங்கள். வெள்ளையாகப் பொருக்கு ஒட்டியிருந்தால் நகத்தால் சுரண்டி எடுங்கள், மேல் மண்ணையும் ஒரு விரல் கனத்துக்கு எடுத்துப் போடுங்கள். பிறகு தொட்டி கொள்ளுகிற அளவைப்போல் இரண்டு மடங்கு நல்ல தண்ணீரை மெல்ல மெல்ல ஊற்றி முழுக்க வடியவிடுங்கள். மண்ணில் சேர்ந்த உப்பு கரைந்து இறங்கும். நல்ல தண்ணீர் என்றால் மெட்ரோ வாட்டர் அல்லது மாடியில் பிடித்த மழைநீர். வடிகால் சரியில்லாத தொட்டியில் இதைச் செய்தால் மேலே சொன்ன அழுகலில் கொண்டுபோய் விடும், அதனால் முதலில் அடி ஓட்டை.

வீட்டுக் குடிநீர் இயந்திரத்தின் கழிவுக் குழாயில் வருகிற தண்ணீர் வீணாகிறதே என்று செடிக்கு ஊற்றுகிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் தண்ணீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. அதை வாசல் கழுவப் பயன்படுத்துங்கள்.

கடற்காற்று என்றால் மாலையில் இலைகளை நல்ல தண்ணீரால் அலசிவிட்டு, செடியைச் சுவருக்கு உட்பக்கமாக நகர்த்துவதைத் தவிர வழியில்லை. கருகிய நுனி திரும்பப் பச்சையாகாது. புதிதாக வரும் இலை சுத்தமாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

இலைமேல் கறுப்புப் படலம்

எண்ணூர், மணலி, திருவொற்றியூர் வீடுகளில் எதைத் துடைத்தாலும் கறுப்பாக வரும், இலை மட்டும் விதிவிலக்கா? ஆனால் எல்லாக் கறுப்பும் தூசி அல்ல. விரலால் தேய்த்துப் பாருங்கள். உலர்ந்து மாவாக வந்தால் கரித்தூசி. ஈரத் துணியால் இலையின் இரு பக்கமும் துடைத்தால் முடிந்தது. தூசி மூடிய இலைக்கு வெளிச்சம் போய்ச் சேராது.

விரலில் பிசுபிசுவென்று ஒட்டினால் அது கரும்பூசணம். பூசணம் தானாக வரவில்லை. மேலே ஏதோ பூச்சி சாறு உறிஞ்சி, தேன் மாதிரி ஒரு கழிவைச் சொட்டவிட்டிருக்கிறது, அதில் வளர்ந்தது இது. தொட்டியின் மேல் எறும்பு வரிசை போனால் உறுதி. அதனால் கறுப்பைத் துடைத்து நிறுத்திவிடாதீர்கள். அதற்கு மேலே இருக்கும் இலையின் அடிப்பக்கத்தையும் கிளை இடுக்கையும் பாருங்கள்.

பூச்சி

பஞ்சு ஒட்டிய மாதிரி இருந்தால் மாவுப்பூச்சி. செடியைத் தட்டினால் வெள்ளைத் தூள் பறந்து மறுபடி உட்கார்ந்தால் வெள்ளை ஈ. இலை மங்கி, ஊசியால் குத்திய மாதிரிப் புள்ளியும் அடியில் மெல்லிய வலையும் என்றால் செஞ்சிலந்தி. மூன்றுக்கும் முதல் மருந்து வேகமாக அடிக்கிற தண்ணீர்தான். பிறகு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், அது கரைய நான்கைந்து சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம். வெயில் தாழ்ந்தபின் இலையின் அடியில் படும்படி தெளியுங்கள். வாரம் ஒரு முறை, மூன்று வாரம். பாயின்செட்டியாவின் சிவப்பு இலைமேல் தெளித்தால் கறை விழும், பச்சை இலைக்கு மட்டும்.

புதுச் செடியைப் பத்து நாள் தனியாக வைத்துவிட்டுப் பிறகு மற்றவற்றோடு சேருங்கள். ஒரே ஒரு சாமந்தி கொண்டுவந்த மாவுப்பூச்சி என் செம்பருத்தியை இரண்டு வருடம் பிடித்து ஆட்டியது. மண்ணிலிருந்து கொசு மாதிரிச் சின்னப் பூச்சி கிளம்பினால் மருந்து வேண்டாம், மேல்மண்ணைக் காயவிடுங்கள்.

கிறிஸ்துமஸ் மரம் சாய்கிறது, அடிக்கிளை காய்கிறது

முன்பெல்லாம் இங்கே கிறிஸ்துமஸ் மரம் என்றால் சவுக்குக் கிளைதான். மணல் நிரப்பிய வாளியில் நட்டு, பஞ்சை ஒட்டி, குடில் பக்கத்தில் வைப்பார்கள். ஜனவரியில் காய்ந்துபோகும், யாரும் வருத்தப்பட மாட்டார்கள். இப்போது தொட்டியில் வருவது அரக்கேரியா. இதன் சொந்த ஊர் பசிபிக் தீவுகள், உப்புக் காற்று இதற்குப் பழகியது. காசிமேட்டு மாடிக்கு இந்தப் பட்டியலில் பொருத்தமான செடி இதுதான்.

சாய்வதற்குக் காரணம் பெரும்பாலும் ஒரு பக்க வெளிச்சம். வாரம் ஒரு முறை தொட்டியைக் கால் சுற்றுத் திருப்புங்கள். கடைகளில் அதிகம் விற்கிற குக் பைன் என்ற வகைக்கு இயல்பிலேயே ஒரு சாய்வு உண்டு. உலகில் எங்கே நட்டாலும் அது நிலநடுக்கோட்டை நோக்கிச் சாய்கிறது என்று 2017இல் ஒரு ஆய்வு வெளியானது. நம் ஊரில் என்றால் தெற்குப் பக்கம். தரையில் நட்டு மரமான பிறகு அதை யாரும் நிமிர்த்த முடியாது.

நுனியே இல்லாமல் ஒரு பக்கமாகப் படுத்து வளர்ந்தால் அது வேறு கதை. விதையிலிருந்து வராமல் பக்கக் கிளையை வெட்டி வேர் பிடிக்க வைத்த செடி அது. அரக்கேரியாவின் பக்கக் கிளைக்குப் பக்கவாட்டில் வளரத்தான் தெரியும், தனிச் செடியானாலும் அதே குணம். குச்சி கட்டி நிமிர்த்துவது வீண். கடையிலேயே மேலிருந்து பாருங்கள். நடுவில் ஒரு நேர் நுனியும், அதைச் சுற்றிக் குடைக்கம்பி மாதிரி சம இடைவெளியில் கிளைகளும் இருக்க வேண்டும். நுனி ஒடிந்ததை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

அடிக்கிளை பழுப்பாகி உதிர்ந்தால் திரும்ப முளைக்காது. இருட்டும், தண்ணீர் இல்லாமல் ஒரு முறை காய்ந்ததும்தான் வழக்கமான காரணம். மேலே மிச்சமிருப்பதைக் காப்பாற்ற வெளிச்சத்துக்கு நகர்த்துங்கள். சீரியல் விளக்கைக் கிளையைச் சுற்றி இறுக்கிக் கட்டாதீர்கள், மேலே போட்டால் போதும். இந்த ஊசி இலை கொத்துக் கொத்தாகக் கருகுவது கட்டிய இடத்திலிருந்துதான் ஆரம்பிக்கும்.

மொட்டாகவே நிற்கிறது, விரியவில்லை

சாமந்தியின் மொட்டு முழுப் பச்சையாக இருக்கும்போது வாங்கி, வீட்டுக்குள் வைத்திருப்பீர்கள். நிழலில் அது விரியாது. வெயிலில் வைத்துப் பாருங்கள், பாதியாவது திறக்கும். வாங்கும்போது மூன்றில் ஒரு பங்கு பூத்து, மற்றவை நுனியில் நிறம் காட்டுகிற செடியாக எடுங்கள். எல்லாப் பூவும் விரிந்த செடி கடையில் அழகு. போகி வரைக்கும் வராது.

பாயின்செட்டியாவின் சிவப்பு பத்து நாளில் கொட்டிவிட்டது

செடி கிழடாகும்போது வாங்கியிருக்கிறீர்கள். சிவப்பாக இருப்பது பூ இல்லை, நிறம் மாறிய இலை. பூ என்பது நடுவில் கொத்தாக இருக்கும் மிளகு அளவு முத்துக்கள். கடையில் குனிந்து அதை மட்டும் பாருங்கள். முத்துக்கள் மூடி, பச்சையாகவோ நுனி சிவந்தோ இருந்தால் புதுசு. மஞ்சள் மகரந்தம் வெளியே தெரிந்தால் நடுவயசு. முத்துக்களே உதிர்ந்து நடுவில் வெறும் காம்பு நின்றால், சிவப்பும் சீக்கிரம் உதிரும். இப்போதைக்குச் செய்ய ஒன்றுமில்லை. தண்ணீரைக் குறைத்து, மாசி கழிந்ததும் ஒரு சாண் உயரத்துக்கு வெட்டிவிடுங்கள்.

வெட்டும்போது பால் வடியும், கையில் பட்டால் சிலருக்கு அரிக்கும், கழுவிவிடுங்கள். இது ஆமணக்கு, குப்பைமேனி குடும்பம். குழந்தை ஒரு இலையைக் கடித்தால் உயிருக்கு ஆபத்து என்று பரவுகிற பேச்சு உண்மையில்லை. வாய் எரியும், வயிறு கலங்கலாம். அதற்காகக் கை எட்டும் உயரத்தில் வைக்க வேண்டும் என்பதும் இல்லை.

அடுத்த வருடம் செடி செழிப்பாக இருக்கிறது, சிவக்கவே இல்லை

வாழ்த்துகள், ஒரு கோடையைத் தாண்டிக் காப்பாற்றிவிட்டீர்கள். செடி போன வருடத்தைவிட இரண்டு மடங்கு உயரமாகப் போயிருந்தால் பயப்படாதீர்கள். நர்சரியில் குள்ளமாக வைக்க வளர்ச்சியை அடக்கும் மருந்து கொடுப்பது வழக்கம், இப்போது அதன் வேலை தீர்ந்துவிட்டது. ஆவணி வரை நுனியைக் கிள்ளிக் கிள்ளி அடர்த்தியாக்கலாம். அதற்குப் பிறகு கிள்ளக் கூடாது.

சிவக்காததற்குக் காரணம் தெரு விளக்கு. மெக்சிகோவைச் சேர்ந்த இந்தச் செடி, அங்கே 1820களில் அமெரிக்கத் தூதராக இருந்த பாயின்செட் என்பவர் பெயரில் உலகம் சுற்றியது. நீண்ட, இடைவிடாத இரவு தொடர்ந்து வந்தால்தான் இலையைச் சிவப்பாக்கும். செப்டம்பர் கடைசிக்குப் பிறகு நம் ஊரிலும் இரவு பகலைவிட நீளம்தான். ஆனால் பால்கனிக்கு எதிரே கம்பத்தில் எல்இடி விளக்கு எரிந்தால் செடியைப் பொறுத்தவரை இரவே வருவதில்லை. போதாக்குறைக்கு நம் ஐப்பசி இரவின் புழுக்கமும் அதைத் தாமதப்படுத்தும்.

அக்டோபர் முதல் தேதியிலிருந்து தினமும் மாலை 6 மணிக்கு ஒரு பெரிய அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து மூடுங்கள், காலை 8 மணிக்கு எடுங்கள். பகலில் நல்ல வெளிச்சம் வேண்டும். எட்டிலிருந்து பத்து வாரம். ஓரிரு நாள் மறந்தால் கொஞ்சம் தள்ளிப்போகும், அடிக்கடி மறந்தால் சிவக்காது. என் பெட்டி பழைய மிக்சி வந்த பெட்டி, மழையில் ஊறி இரண்டு முறை மாற்றியாகிவிட்டது. கீழ் வீட்டு அக்கா ராயபுரம் புனித பேதுரு கோயிலுக்கு மாலைப் பூசைக்குக் கிளம்பும்போது மாடியைப் பார்த்துக் குரல் கொடுப்பார்: "பொட்டி போட்டியா?" போன வருடம் டிசம்பர் மூன்றாம் வாரத்தில் ஐந்து கிளையில் இரண்டு சிவந்தது. அந்தத் தொட்டியைத்தான் அவர் வீட்டுக் குடிலுக்குக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டதும் தூக்கி அடியைப் பார்த்தார்.